சிலிம் ரிவரிலிருந்து ஒரு சாட்சி

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. தெற்குத் தாய்லாந்தில் நில உரிமை கேட்டுக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் நீதிக்காக எப்படிக் காத்திருக்கின்றன என்பதுதான் என் ஆய்வு. காத்திருக்கும் காலத்தில் வீட்டில் யார் சமைக்கிறார்கள், பிள்ளைகளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள், நீதிமன்றம் போகிற அன்று எதை உடுத்துகிறார்கள், தேர்தல் நேரத்தில் துக்கம் கேட்க வருகிற அரசியல்வாதியை உள்ளே கூப்பிடுகிறார்களா என்றெல்லாம் கேட்டு எழுதுவேன்.

மலேசியாவில், என் ஊரான ஈப்போவில் உறவினர் கல்யாணங்களில் இதைச் சொன்னால் சாப்பிடுகிற கை ஒரு நொடி நிற்கும். எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். மாமாக்கள், பெரியப்பாக்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற டாக்டர்கள், அரசாங்க அதிகாரிகள். "சயாம் அரசியலோ? நல்லது, நல்லது" என்று தாய்லாந்தைப் பழைய பெயரில் சொல்லி ஒருவர் தலையாட்டுவார். பிறகு பேச்சு வீட்டுவிலைக்குத் திரும்பிவிடும்.

ஒன்பது ஆண்டுகளாக நான் போய்வரும் ஒரு கிராமம் உண்டு. ரப்பரும், எண்ணெய் எடுக்கிற செம்பனையும் சூழ்ந்த ஊர். அங்கே ஒரு பெரிய தோட்டத்தின் குத்தகை முடிந்தும் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பவில்லை. நிலமில்லாத குடும்பங்கள் அதில் குடிசை போட்டு உட்கார்ந்தன. அவர்களுக்கு முன்னால் நின்று பேசிய ஒருவர், ஒரு காலையில், தன் வீட்டு முற்றத்தில் மோட்டார்சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய மனைவியைத்தான் எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளை அதே வீட்டில் வைத்துத் தனியாக வளர்த்தவர்.

அவர் சொன்னவற்றுள் ஒன்று எனக்கு விளங்காமலே இருந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் சுற்றியிருந்த வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. இவருடைய வீட்டை மட்டும் யாரும் தொடவில்லை. "அவர் காவல் இருக்கிறார்" என்று கணவரின் படத்தைக் காட்டுவார். நான் ஆய்வாளர் அல்லவா, அதற்கு வேறு விளக்கம் கண்டுபிடித்தேன். விதவையின் வீட்டை இடித்தால் ஓட்டு போய்விடும் என்று உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் பயந்தார்கள் என்று எழுதினேன். அந்தக் கட்டுரை அச்சாகி, நாலு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

ஒருமுறை பேச்சின் நடுவில் அவர் ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டி, "அதை நிறுத்து" என்றார். உள்ளே போய் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். மாலையும் கழுத்துமாக ஒரு தமிழ் மாப்பிள்ளை. பக்கத்தில் சிவப்புச் சேலையில் ஒரு தாய்லாந்துப் பெண். இருவரும் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்றார்கள்.

"இவள் என் நாத்தனார். அவர் செத்த அன்று முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுட்டவனைப் பார்த்தாள். நான் ஓடிவந்ததும் 'அண்ணி, அவன்தான்' என்று தொடங்கினாள். பிறகு வாயே திறக்கவில்லை. ஒரு வாரத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் கோயில் பிக்குவின் முகவரிக்கு இந்தப் படம் மட்டும் வந்தது. என் பிள்ளைகளிடம் இவள் பேச்சையே நான் எடுத்ததில்லை."

பலகையில் இருந்த ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. "இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

நான் படித்தேன். "சிலிம் ரிவர்."

"உனக்குத் தெரியுமா?"

கோலாலம்பூர் போகும்போதும் வரும்போதும் எத்தனையோ முறை கடந்துபோன நிலையம் அது. என் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

அன்று அவர் படத்தை எடுத்துக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. சுட்டவன் என்று ஊரே கிசுகிசுத்த ஆள் வேறொரு வழக்கில் பிடிபட்டிருந்தான். பழைய வழக்கைத் திரும்ப எடுக்க அரசு வழக்கறிஞர் ஒருவர் முன்வந்திருந்தார். ஆனால் கண்ணால் கண்ட சாட்சி இல்லை. கொலை நடந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டால் அந்த நாட்டுச் சட்டப்படி பிறகு யாரையும் கேட்க முடியாது. பத்தொன்பது ஏற்கனவே போய்விட்டது.

"அவளை வரச்சொல் என்று நான் கேட்கவில்லை. ஏன் போனாள் என்று மட்டும் கேட்டுவிட்டு வா" என்றார்.

ஆய்வாளர் சேதி சுமக்கக் கூடாது. மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற விதி அது. இரண்டு வாரம் தவித்தேன். கடைசியில், இது ஆய்வில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை காரை எடுத்தேன்.

சிலிம் ரிவர் நிலையத்துக்கு எதிரில் இருந்த சாப்பாட்டுக்கடையில் படத்தைக் காட்டினேன். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரே பார்வையில், "சயாம் அக்கா லா இது! பழைய தோட்டத்துல இருக்கு. கோயில் தாண்டி மூணாவது வீடு" என்றார். தோட்டத்துத் தமிழர்களுக்குச் சயாம் என்றால் ஜப்பான்காரன் காலத்தில் ரயில்பாதை போடக் கொண்டுபோய், திரும்பி வராமலே போனவர்களின் ஊர். அங்கிருந்து ஒருத்தி வந்து இங்கேயே தங்கிவிட்டதால் அந்தப் பெயர் நிலைத்திருக்க வேண்டும்.

வழியெல்லாம் செம்பனை. ரப்பர் மரங்களை அடியோடு வெட்டி எடுத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் பத்துப் பன்னிரண்டில் மட்டும் ஆள் இருந்தார்கள். காரை நிறுத்தி இறங்கியபோது வெட்கமாக இருந்தது. எல்லை தாண்டி ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குடிசைகளின் கூரை ஓட்டை வரைக்கும் எனக்குத் தெரியும். என் மாநிலத்தில், என் மொழி பேசுகிறவர்களின் லயத்துக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வீட்டு வாசலில் ஒருவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்த மாப்பிள்ளைதான். தலை நரைத்திருந்தது. "வாங்க டீச்சர்" என்றார். நான் யார் என்று கேட்கவேயில்லை. என் சேலையையும் கண்ணாடியையும் பார்த்தே முடிவுசெய்திருப்பார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய, ஒல்லியான பெண். நான் சயாம் மொழியில் வணக்கம் சொல்லி, அண்ணியின் பெயரைச் சொன்னேன். அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தமிழ்லயே பேசுங்க டீச்சர்" என்றார் மெதுவாக. "அந்தப் பாசையில பேசுனா எனக்கு வாய் வராது."

அச்சு அசலான தோட்டத்துத் தமிழ். வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் குரல் சயாம் மொழியின் ஏற்றத்தோடு நின்றது. அண்ணி கேட்டதைச் சொன்னேன். வழக்கையும் சொன்னேன். ஏன் போனீர்கள் என்று மட்டும்தான் கேட்கச் சொன்னார், நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் சரி என்றேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்களும் கேளுங்க. உங்களுக்கும் சொன்னது இல்ல" என்றார்.

சுட்டவன் முகத்தை மூடியிருக்கவில்லை. இரண்டு நாள் முன்னால் அதே வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றவன். அண்ணனைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அண்ணன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்திருக்கிறார். சுட்டுவிட்டுத் திரும்பும்போது இவரும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாம் நாளு ஒரு ஆளு வந்தாரு. பெரிய எடத்து ஆளு. 'நீ பாத்தது எங்களுக்குத் தெரியும். போலீஸ்ல சொன்னா அண்ணியும் புள்ளைங்களும் இருக்க மாட்டாங்க. போயிடு'ன்னாரு. எனக்கு அப்ப இருவத்தி மூணு வயசு. சரி, போறேன், ஆனா ஒண்ணு வேணும்னு சொன்னேன்."

"என்ன கேட்டீங்க?"

"எங்க அண்ணி வீட்ட யாரும் தொடக் கூடாதுன்னு. அந்த நெலத்துலயே இருக்கணும். ஒருநாளு அந்த வீட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு காதுல விழுந்தா, நான் எங்க இருந்தாலும் வந்து கோர்ட்ல சொல்லுவேன்னு சொன்னேன். அந்தாளு என்னைய ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் சரின்னாரு."

என் கட்டுரை, அதில் நான் போட்ட விளக்கம், ஓட்டு, பயம், பெரிய மனிதர்களின் கணக்கு எல்லாம் அந்த வாசலில் தூளாகிப் போயின. இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி ஒரு கொலைகாரக் கும்பலோடு தனியாகப் பேசி, ஒரு வீட்டைக் காப்பாற்றியிருக்கிறாள். காப்பாற்றியது தெரியாமலே அண்ணி பத்தொன்பது ஆண்டுகள் அவள் பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கிறார். அவள் இங்கே ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலையில், பால்மரம் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அந்தப் படத்தையும் அதற்காகத்தான் இரண்டு பிரதியாக அனுப்பினாராம். அண்ணி வைத்துக்கொள்ள ஒன்று. தான் உயிரோடு இருப்பது அந்த ஆளுக்குத் தெரிவதற்கு ஒன்று. பிக்கு இரண்டையும் உரிய இடத்தில் சேர்த்திருக்கிறார்.

கணவர் பலாப்பிசின் ஒட்டிய கைகளை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்கிட்டகூட சொல்லல நீ" என்றார். குரலில் கோபம் இல்லை.

"சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? லோரிய எடுத்துகிட்டு அங்க போயி நின்னுருப்பீங்க."

அவர் ஒப்புக்கொண்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்போது தோட்டத்து லோரி ஓட்டுநர். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, ஆறு மாதம் அந்தக் கடையிலேயே சாப்பிட்டு, கேட்டுக் கட்டிக்கொண்டவர்.

"புள்ளைங்க எப்பிடி இருக்காங்க டீச்சர்?" என்று அண்ணன் பிள்ளைகளைப் பற்றி மனைவி என்னைக் கேட்டார்.

மூத்தவள் தாதி, இரண்டாவது பையன் பாங்காக்கில் வேலை, கடைசிப் பெண் கல்லூரி முடிக்கப்போகிறாள் என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். மூன்று விரல் மடங்கியதும், "அப்ப சரி. போலாம்" என்றார்.

எனக்குத்தான் பயம் வந்தது. ஆபத்து இன்னும் இருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

"பயம் இல்லன்னு சொல்லல டீச்சர். பயந்துகிட்டேதான் வாரேன்."

கணவர் எழுந்து கையில் மறுபடி எண்ணெய் ஊற்றிப் பிசினைத் தேய்க்கத் தொடங்கினார். "நானும் வாரேன். லீவு கேக்கணும்" என்றார். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த ஆலோசனை.

காலாவதியான தாய்லாந்துப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கவும் வழக்கறிஞரிடம் வாக்குமூலம் கொடுக்கவும் நான்கு மாதம் ஆயிற்று. அவர் சொன்ன காரணத்தை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. அது என் வாயிலிருந்து வரக் கூடாது என்று தோன்றியது. "அவரே வந்து சொல்வார்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

சிலிம் ரிவரில் அவர்கள் ஏறிய ரயிலில் நான் ஈப்போவில் ஏறிக்கொண்டேன். பாடாங் பெசாரில் எல்லை தாண்டி, ரயில் மாறி, மறுநாள் காலை அந்த ஊர் நிலையத்தில் இறங்கினோம். அண்ணி மேடையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் மூன்று பிள்ளைகளும் நின்றார்கள். நாத்தனார் இறங்கியதும் அண்ணி நேராக வந்து திறந்த கையால் அவர் தோளில் இரண்டு அடி அடித்தார். "ஏன் போனாய்?" என்றார்.

இவர் அழவில்லை. "வீடு இருக்கிறதா?" என்று சயாம் மொழியில் கேட்டார்.

"இருக்கிறது."

"அதற்காகத்தான்."

அண்ணிக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. புரிகிற அந்த நேரத்தில் அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆண்டுகள் நேர்காணல் செய்து நான் பார்த்திராத முகம் அது. அவர் அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ரயில் போன பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. மூத்தவள்தான் முன்னால் வந்து, தயங்கி, "அத்தை" என்று கூப்பிட்டாள்.

விசாரணை அடுத்த நாள். நானும் கணவரும் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் கோயிலில் உட்கார்வதுபோல் நேராக உட்கார்ந்திருந்தார். சாட்சிக் கூண்டில் அவர் மனைவி சயாம் மொழியில் தெளிவாகப் பேசினார். குற்றவாளி என்று நிறுத்தப்பட்டவனைப் பார்த்து, இவன்தான் என்றார். அவன் தரையைப் பார்த்தான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "பத்தொன்பது ஆண்டுக்கு முன்னால் பார்த்த முகம். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள்?"

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு, தன்னை அறியாமல், தமிழில் சொன்னார்: "நாலு மரம்."

நீதிபதி நிமிர்ந்தார். "என்ன மொழி இது?"

பார்வையாளர் பெஞ்சில் அந்த மொழி தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். நான் எழுந்து நின்றேன். யார் என்ன என்று விசாரித்து, என் மதத்தின்படி சத்தியம் வாங்கிக்கொண்டு, என்னை அவர் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். தாய்லாந்து நீதிமன்றத்தில், தாய்லாந்துப் பெண் ஒருத்தியின் தமிழை, ஈப்போக்காரி நான் சயாம் மொழியில் பெயர்க்கத் தொடங்கினேன்.

"தோட்டத்துல நாலு மரத்துக்கு எவ்ளோ தூரமோ அவ்ளோ தூரம். நான் பத்து வருசத்துக்கு மேல மரம் வெட்டுனேன். ஒரு மரத்த வெட்டும்போது தெனம் நிமிந்து நாலு மரம் தள்ளிப் பாப்பேன். அவன் அங்க நிக்கிறான்னு நெனச்சுக்குவேன். கண்ணு, மூக்கு, தாடையில இருக்கிற தழும்பு எல்லாம் பாப்பேன். மறந்துறக் கூடாதுன்னு தெனமும் பாத்தேன்."

நான் வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்துச் சொன்னேன். நீதிபதி அவசரப்படுத்தவில்லை. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்ட மாத்திரத்தில் பெஞ்சிலிருந்து கணவர் எழுந்து, "எட்டு அடி டீச்சர்! எட்டு அடி!" என்றார். காவலர் ஓடிவந்து அவரை உட்காரவைத்தார். அவர் மனைவி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "எட்டு அடி" என்று தன் வாயாலேயே சொன்னார்.

முப்பத்திரண்டு அடி. ஏறக்குறைய பத்து மீட்டர். அரசு வழக்கறிஞர் பழைய கோப்பிலிருந்து, கொலை நடந்த அன்று முற்றத்தை அளந்து வரைந்த தாளை எடுத்தார். துணிக்கொடிக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் நடுவே இருந்த எண்ணைப் படித்தார். பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கூட. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. சுட்டவனுக்குத் தண்டனை கிடைத்தது. அனுப்பியது யார் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்து பேரம் பேசிய ஆள் எப்போதோ செத்துப்போயிருந்தான். இருபதாம் ஆண்டு முடிந்தது. அதற்கு மேல் கேட்க வழியில்லை.

செய்தியைச் சொல்ல நானே சிலிம் ரிவர் போனேன். அண்ணி முந்தியே தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தார். இருவரும் இப்போது நாள்தோறும் பேசிக்கொள்கிறார்களாம். இந்தக் கதையை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க லா. பேரு மட்டும் போடாதீங்க" என்றார். என் பழைய கட்டுரையில் நான் எழுதிய விளக்கத்தையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவருக்கும் சொல்லி, அவரையும் சிரிக்கவைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "டீச்சர், உள்ள போனானே, அவனுக்குப் புள்ளைங்க இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில், இத்தனை குடும்பங்களோடு பேசியதில், தண்டனை பெற்றவனின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறைகூட நான் விசாரித்ததில்லை. என் கேள்வித்தாளில் அப்படியொரு வரியே கிடையாது.

"அதுங்க என்ன பண்ணுச்சு, பாவம்" என்று சொல்லிவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனார். நான் அந்த வாசலில் உட்கார்ந்து, அந்த மனம் எவ்வளவு பெரியது என்று அளக்கத் தெரியாமல் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயணத்தில் தண்டனை பெற்றவனுடைய ஊரை விசாரித்துக்கொண்டு போனேன். தகரக் கதவைத் தட்டினேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள், அவன் மகளாக இருக்க வேண்டும். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லத் தொடங்கினேன்.